விசிட்டிங் கார்டும் குணுக்கும்

கஞ்சிக்கோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு திண்ணை இருக்கிறது. எப்போதோ மூடப்பட்ட மளிகைக் கடையின் திண்ணை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடுவார்கள். காசு வைத்து அல்ல. ஆட்டத்தின் பெயர் ஐம்பத்தாறு. இரண்டு கட்டுகளிலிருந்து பொறுக்கிய 48 சீட்டுகள், ஆளுக்கு எட்டு, மூன்று பேர் ஓர் அணி, மூன்று பேர் எதிரணி. ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. எல்லாவற்றையும் கூட்டினால் 56 வரும். ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரு மதிப்பும் இல்லை. தொழிலாளர் பேட்டைக்குப் பொருத்தமான ஆட்டம்தான்.

தோற்றவர்களுக்கு ஒரு தண்டனை உண்டு. காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். இலையிலோ காகிதத்திலோ செய்த தொங்கட்டான். அடுத்த வெற்றி வரும்வரை அதைக் கழற்ற முடியாது. உருக்காலையில் இரும்புக் கம்பி தூக்குபவரும், அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுபவரும் பக்கத்துப் பக்கத்தில் காதில் குணுக்கு ஆட உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் என் உறவினர் ஒருவரை அங்கே அழைத்துப் போனேன். கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்துக்கு வியாபாரம் பிடித்துத் தரும் பொறுப்பில் இருப்பவர். பழகுவதற்கு இனியவர். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்காரர்கள் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்றதும் தானும் வருவதாகச் சொன்னார். ஓர் ஆட்டக்காரர் வராததால் இடமும் கிடைத்தது. உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து விசிட்டிங் கார்டுகளை எடுத்து ஐந்து பேருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். யார் யார் எந்த ஆலையில், எந்தப் பிரிவில், கொள்முதலைப் பார்ப்பது யார் என்று விசாரிக்கத் தொடங்கினார். யாரும் பதில் சொல்லவில்லை. மூத்தவர் மட்டும் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்தச் சீட்டுக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டார்.

அன்றைக்கு உறவினரின் அணி தோற்றது. குணுக்கு செய்யக் காகிதம் தேடினார்கள். கையருகே கிடந்தது அவருடைய கார்டுதான். கனமான, வழவழப்பான தாள். குணுக்குக்கு அதைவிட நல்லது கிடைக்காது. பெயரும் பதவியும் தொலைபேசி எண்ணும் காதில் தொங்க அவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பும் வழியில், "நல்ல ஆளுங்கதான். ஆனா ஒரு மதியம் வீணாப் போச்சு" என்றார்.

வீணாய்ப் போனது என்ற அந்தச் சொல்தான் இந்த வாரம் என்னை எழுத வைத்திருக்கிறது.

கஞ்சிக்கோடு பற்றி அறியாதவர்களுக்கு: வாளையாறு சோதனைச் சாவடியைத் தாண்டிப் பாலக்காட்டை நோக்கிப் போகும்போது, மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை விட்டுவைத்த இடைவெளியில், காற்று ஓயாத ஒரு சமவெளியில் இருக்கிற தொழில் நகரம். கட்டுப்பாட்டு வால்வுகள் செய்யும் இன்ஸ்ட்ருமென்டேஷன் நிறுவனத்தின் ஆலை 1974இல் இங்கு வந்தது. இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் 1976இல் வந்தது. பிறகு உருக்காலைகள், நூற்பாலைகள், 2010இல் பி.இ.எம்.எல்., இப்போது ஐ.ஐ.டி. வளாகம். கடைகளில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். உருக்காலைப் பக்கம் போனால் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் சேர்ந்துகொள்ளும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஊரிலிருந்து நாட்டுக்குப் போன முக்கியமான பண்டங்களில் ஒன்று தொலைபேசி இணைப்பகங்கள். ஒருவரோடு ஒருவரைத் தொடர்புபடுத்தும் கருவியைச் செய்து அனுப்பிய ஊர் இது. இன்று 'தொடர்பு' என்ற சொல்லுக்கே வேறு பொருள் வந்துவிட்டது. "அவருக்கு நல்ல கான்டாக்ட்ஸ்" என்றால், அவருக்கு நிறைய நண்பர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

தொழில்முறைத் தொடர்பு வளர்ப்பது ஒன்றும் நேற்று முளைத்த பழக்கம் அல்ல. 1905 பிப்ரவரியில் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் ரோட்டரி சங்கத்தைத் தொடங்கியபோது, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்வது அதன் நோக்கங்களில் ஒன்று. பெரிய நகரத்தில் தனியாக இருந்தவர்களுக்குத் தோழமை வேண்டியிருந்தது என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றாகவே பிறந்தன. லாபம் மட்டும் போதாது என்று அவர்களுக்கே சீக்கிரம் தோன்றிவிட்டது; 1907இல் சிகாகோவில் பொதுக் கழிப்பறைகள் அமைக்கும் முயற்சியில் இறங்கினார்கள். 1985இல் கலிபோர்னியாவில் ஐவன் மிஸ்னர் தொடங்கிய பி.என்.ஐ. அமைப்பு தோழமை என்ற போர்வையையும் விலக்கிவிட்டது. வாரம் ஒருமுறை சந்திப்பு, ஒரு தொழிலுக்கு ஓர் ஆள், நீ எனக்கு வாடிக்கையாளரைக் காட்டு, நான் உனக்குக் காட்டுகிறேன். 2003இல் லிங்க்ட்இன் வந்தபின் இந்த வேலைக்கு வீட்டை விட்டு வெளியே போகவேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று.

இதையெல்லாம் இளக்காரமாகப் பேசுவது எளிது. ஆனால் நியாயம் அல்ல. 1973இல் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் புகழ்பெற்ற ஒரு கட்டுரை எழுதினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களிடம், இந்த வேலை பற்றி யார் சொன்னார்கள் என்று அவர் விசாரித்திருந்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கிற, ஏறக்குறைய மறந்தே போன அறிமுகங்கள். காரணம் எளியது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். தூரத்து அறிமுகம்தான் நமக்குத் தெரியாத உலகத்திலிருந்து சேதி கொண்டுவருகிறது. 2022இல் லிங்க்ட்இன் பயன்படுத்தும் இரண்டு கோடிப் பேரை வைத்து நடத்திய ஆய்வும் ஏறத்தாழ இதையே உறுதி செய்தது.

ஆக, தொடர்பு என்பது ஒரு சொத்து. எல்லாச் சொத்தையும் போல அதுவும் இருப்பவர்களிடமே சேர்கிறது. கிளப்பும் கோல்ஃப் மைதானமும் பழைய மாணவர் விருந்தும் உள்ள அதிகாரியின் மகனுக்கு அது பிறப்பிலேயே கிடைக்கிறது. கஞ்சிக்கோட்டில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்ப்பவரின் மகனுக்கு யாரைத் தெரியும்? 'யாரையும் போய்ப் பார்க்காதே, ஓய்வாக இரு' என்று அவனுக்கு நான் எப்படி உபதேசம் செய்ய முடியும்?

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு கலைஞன், வறுமையில் வாடும் இன்னொரு கலைஞனை வழியில் சந்திக்கிறான். எந்த ஊர், எந்த வழி, வழியில் என்ன கிடைக்கும், அங்கே போனால் என்ன தருவார்கள் என்று விவரமாகச் சொல்லி அனுப்புகிறான். திருமுருகாற்றுப்படை மட்டும் பக்தனை முருகனிடம் அனுப்புகிறது. மற்ற நான்கும் பசித்தவனைச் சோறிடும் இடத்துக்கு அனுப்புகின்றன. பரிந்துரை என்பதற்கு இதைவிடப் பழைய, இதைவிட அழகான சான்று நம்மிடம் இல்லை. அதில் ஒளிவுமறைவும் இல்லை. எனக்குக் கிடைத்தது, நீயும் போய்ப் பெறு என்கிற பேச்சு. கேட்பவனுக்கும் வெட்கம் இல்லை, சொல்பவனுக்கும் கணக்கு இல்லை.

இதற்கு மறு எல்லையில் நிற்பவர் பிசிராந்தையார். பாண்டிய நாட்டுப் புலவர். சோழ அரசன் கோப்பெருஞ்சோழனை நேரில் பார்க்காமலே நண்பரானவர். அரசன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோதுதான் தேடி வந்தார். அரசனிடம் பெறுவதற்கு எதுவும் மிஞ்சாத நேரத்தில் வந்து சேர்ந்த நண்பர் அவர்.

இரண்டும் நேர்மையானவை. சிக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. உதவி கேட்க வந்தவன் நண்பனைப் போல உட்கார்ந்துகொள்வதில் இருக்கிறது. வள்ளுவர் 'தீ நட்பு' என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். அதில் ஒரு குறள், தனக்கு வருவதை எடைபோட்டுப் பார்த்துப் பழகுகிற நட்பையும், விலைமகளிரையும், கள்வரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. எம்.ஏ. வகுப்பில் படித்தபோது 'கள்வர்' என்பது அங்கே கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் பட்டது. ஆதாயத்துக்காகப் பழகுபவன் எதைத் திருடிவிட்டான்?

விடை கிடைக்க எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கிடைத்த இடம் கல்பாத்தி.

ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தி விசுவநாதர் கோயில் தேர்த் திருவிழா நடக்கும். கடைசி நாள் மாலை அக்கிரகாரத் தெருவில் தேர்கள் சங்கமிக்கும் காட்சியைப் பார்க்க ஊரே திரளும். சில ஆண்டுகளுக்கு முன், என்னோடு தமிழ் படித்த பழைய நண்பனை விழாவுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டேன். அவன் அப்போது ஒரு பதிப்பகத்தில் பொறுப்பான இடத்துக்கு வந்திருந்தான். எனக்கோ கைவசம் மொழிபெயர்ப்பு வேலை எதுவும் இல்லை. அவனைப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் கூப்பிட்டேன் என்று அன்றைக்குச் சத்தியமே செய்திருப்பேன். தேர் திரும்பும் முனையில் நின்றுகொண்டிருந்தோம். அவன் தன் அப்பாவின் நோயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். சரியாக அந்தப் பேச்சு ஓய்ந்த இடத்தில், "உங்க பதிப்பகத்துல மலையாள நாவல் ஏதாவது பண்றீங்களா?" என்று கேட்டேன்.

அவன் கொஞ்ச நேரம் தேரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இதுக்காகவாடா கூப்பிட்ட?" என்றான். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வேலை கொடுத்தான். நாவலும் வந்தது. ஆனால் அதன்பின் நான் எப்போது தொலைபேசியில் கூப்பிட்டாலும் முதல் ஒரு நிமிடம் அவன் குரலில் ஒரு காத்திருப்பு இருக்கிறது. இவன் என்ன கேட்கப் போகிறான் என்கிற காத்திருப்பு. நான் திருடியது அதைத்தான். என் முன்னால் காவல் இல்லாமல் இருக்கும் உரிமை அவனுக்கு இருந்தது. அதை எடுத்துவிட்டேன். வள்ளுவர் மிகைப்படுத்தவில்லை.

ஓய்வு என்று நாம் சொல்வது, யாரும் நம்மிடம் எதையும் எதிர்பார்க்காத நேரம். உடல் சும்மா இருப்பது மட்டும் ஓய்வு அல்ல. அந்த நேரம் தானாகக் கிடைத்ததும் அல்ல. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடிய பிறகுதான், 1890 ஜூன் மாதத்தில் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள். வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை என்பதை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாடு முழுவதற்கும் விதியாக்கியது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பில், மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் உழைக்கும்படி இளைஞர்களுக்குச் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். நாடே கொதித்தது, கேலி செய்தது.

கேலி செய்த நம்மில் எத்தனை பேர், ஞாயிற்றுக்கிழமையைத் தாமாகவே வேலைக்குக் கொடுக்காமல் இருக்கிறோம்? பேரன் காதுகுத்துக்குப் போனால் ஒரு கண் பந்தியில், ஒரு கண் வந்திருக்கும் பெரிய மனிதர் மேல். காலையில் நடக்கப் போவது உடம்புக்காக. எந்தப் பூங்காவில் நடப்பது என்பது யார் யார் அங்கே நடக்கிறார்கள் என்பதைப் பொறுத்து. வேலை நேரம் முடிந்தபின் அலுவலக அழைப்பைப் புறக்கணிக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டமாக்கின. மேலாளர் கூப்பிடுவதைச் சட்டம் தடுக்கலாம். நாமே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற விசிட்டிங் கார்டை எந்தச் சட்டம் தடுக்கும்?

திண்ணை ஆட்டக்காரர்களை நான் மகான்களாக்கவில்லை. அந்த ஆறு பேரும் ஆண்கள். அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமைச் சோற்றைச் சமைத்து, பாத்திரம் தேய்த்து, மறுநாளைக்குத் துணி துவைத்தவர்கள் திண்ணையில் இல்லை. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 289 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள். அந்த வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடங்கள். பெண்ணுக்கு ஓய்வும் இல்லை, தொடர்பு வளர்க்க நேரமும் இல்லை. லோகண்டே வாங்கித் தந்த ஞாயிறு ஆலைக் கதவோடு நின்றுவிட்டது. அடுப்படி வரைக்கும் இன்னும் வரவில்லை.

இருந்தும் அந்தத் திண்ணையில் நான் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு.

ஆட்டக்காரர்களில் ஒருவர் உருக்காலைத் தொழிலாளி. அவருடைய மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒன்றரை வருடமாகச் சும்மா இருந்தான். இன்னொருவர் வேறொரு தனியார் ஆலையில் பணியாளர் பிரிவில் இருப்பவர். ஆட்டத்தில் இருவரும் எப்போதும் ஒரே அணி. மகன் வீட்டில் இருக்கும் கவலை ஆறு பேருக்கும் தெரியும். ஒன்றரை வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அப்பா அதைப் பற்றித் திண்ணையில் வாய் திறக்கவில்லை. வறட்டுக் கௌரவம் என்று நான் நினைத்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரவு ஷிப்டு முடிந்து குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மகனின் சான்றிதழ்களோடு அந்த நண்பரின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றே, "சார், ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன்" என்றாராம். இத்தனை வருடமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர், அன்றைக்கு 'சார்' என்றார். உள்ளே கூப்பிட்டு, காபி கொடுத்து, விண்ணப்பத் தேதியையும் தேர்வு முறையையும் எழுதிக் கொடுத்தார் நண்பர். "இதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லீங்க" என்றும் சொல்லிவிட்டார்.

பையன் தேர்வு எழுதினான். வேலை கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். இருவரும் வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு இருவரும் வந்தார்கள். ஒரே அணியில் உட்கார்ந்தார்கள். ஏலம் கேட்டார்கள், தவறான சீட்டைப் போட்டதற்காக ஒருவரையொருவர் உரக்கத் திட்டினார்கள். செவ்வாய்க்கிழமையில் கேட்டதையும் கிடைக்காததையும் செவ்வாய்க்கிழமையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கேட்டவர் நேராகக் கேட்டார். முடியாதவர் நேராகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையை யாரும் அடகு வைக்காததால், அதை மீட்க வேண்டிய தேவையும் இல்லை.

பையன் இப்போது திருப்பூரில் ஒரு பட்டறையில் இருக்கிறான். அந்த வேலை யார் மூலம் கிடைத்தது என்று கேட்டேன். முன்னொரு காலத்தில் திண்ணைக்கு இரண்டு வாரம் வந்துபோன யாரோ ஒருவர், பேருந்தில் பார்த்தபோது சொன்னாராம். கிரனோவெட்டர் கேட்டால் சந்தோஷப்படுவார்.

என் உறவினரிடம் இதைச் சொன்னேன். அடுத்த முறை தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கார்டு எடுத்து வருவாரா என்று நான் கேட்கவில்லை. கொண்டுவந்தாலும் பரவாயில்லை. குணுக்குக்குத் தாள் எப்போதும் தேவைப்படுகிறது.